கண் காட்டும் ஆழமும் கயிறு காட்டும் ஆழமும்

(ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தண்ணீரின் ஆழம் என்பதாகும். இது ஒரு பொதுக்கூட்டத்தில் பேசத்தக்க விஷயமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கிணறும் குளமும் நமக்குப் புதிதல்லவே, தண்ணீரைப் பற்றி இவன் நமக்கு என்ன சொல்லப் போகிறான் என்றுகூடக் கேட்கலாம். அப்படிக் கேட்பது நியாயமேயாகும். நான் காலேஜில் படித்தவனல்ல. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் ஏதோ கொஞ்சம் தெரிந்துகொண்டவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. ஒரு உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்த உயிரும் என்னுடையதல்ல.

எனக்கு அப்போது வயது பதினாறு. எங்கள் ஊருக்கு மேற்கே, கல் உடைத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன ஒரு குவாரிக் குட்டை உண்டு. மழைத் தண்ணீர் தேங்கிக் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். என் சித்தப்பா மகன், பதினோரு வயதுப் பையன், நீந்தத் தெரியாதவன், கரையில் நின்றுகொண்டு, “அண்ணா, எவ்வளவு ஆழம் இருக்கும்?” என்று என்னைக் கேட்டான். நான் பார்த்தேன். என் கண்ணுக்கு அடி நன்றாய்த் தெரிந்தது. “மார்பளவுதான் இருக்கும், குதி” என்று சொன்னேன். அவன் என்னை நம்பினான், குதித்தான். நானும் நீந்தத் தெரியாதவன். ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு பெரியவர்கள் கயிற்றில் கல்லைக் கட்டி, அவன் குதித்த இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். ஆறடி இருந்தது.

ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? குட்டையில் இருக்கிற முனி காலைப் பிடித்து இழுத்துவிட்டது என்றார்கள். படையல் போட்டார்கள், ஆடு வெட்டினார்கள். தோழர்களே! உண்மையைச் சொல்லுகிறேன். அன்றைக்கு அந்த முனியால் அதிக லாபமடைந்தவன் நான்தான். ஏனென்றால் முனி பழியை ஏற்றுக்கொண்டபடியால் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. குட்டையைச் சுற்றி வேலி போடாமல் போனவர்களையும் ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து அதே குட்டையில் வேறொரு பிள்ளை போயிற்று. அப்போதும் ஒரு ஆடுதான் போயிற்றே தவிர ஒரு வேலி வரவில்லை. முனியை நம்புவதில் உள்ள கெடுதல் ஒரு ஆட்டின் விலை மாத்திரமல்ல. குற்றம் செய்தவனுக்கு மன்னிப்பும், குழிக்கு நீடித்த ஆயுளும் கிடைத்துவிடுகின்றன என்பதுதான் அதில் உள்ள பெரிய கெடுதலாகும்.

இதைவிட வெட்கப்படவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் துக்கம் நடப்பதற்கு நாலு மாதத்திற்கு முன்புதான் நான் பரீட்சையில் “ஒளிவிலகல் என்றால் என்ன?” என்ற கேள்விக்குப் பதில் எழுதி முழு மார்க்கும் வாங்கியிருந்தேன். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று மனப்பாடமாகச் சொல்லுவேன். ஆனால் அந்த 1.33-க்கும் எங்கள் ஊர்க் குட்டைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குச் சொன்னவர் ஒருவருமில்லை, நானும் கேட்கவில்லை. மந்திரத்தை அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பவனுக்கும், சயன்ஸை அர்த்தம் தெரியாமல் ஒப்பித்த எனக்கும் என்ன வித்தியாசம் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நிற்க. இப்போது விஷயத்திற்கு வருவோம். இதோ இந்தக் கிண்ணத்தில் ஒரு இரண்டு ரூபாய்க் காசைப் போடுகிறேன். முன்வரிசையில் இருக்கும் தம்பி, இங்கே வா. காசு தெரிகிறதா? தெரிகிறது. மெதுவாகப் பின்னுக்குப் போ. கிண்ணத்தின் விளிம்பு காசை மறைத்தவுடன் நின்றுவிடு. நின்றாயா? சரி, தலையை ஆட்டாதே. இப்போது நான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன். காசைத் தொடவில்லை, கிண்ணத்தை நகர்த்தவில்லை, மந்திரமும் சொல்லவில்லை. என்ன தெரிகிறது? “காசு தெரிகிறது” என்கிறான். (சிரிப்பு) அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான், காசும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அப்படியிருக்க, விளிம்புக்குப் பின்னால் மறைந்திருந்த காசு எப்படிக் கண்ணுக்கு வந்தது? காசு வரவில்லை, காசிலிருந்து புறப்பட்ட ஒளி மடங்கி வந்தது. இதைத்தான் படித்தவர்கள் ஒளிவிலகல் என்கிறார்கள்.

ஒளி ஏன் மடங்க வேண்டும்? பத்துப்பேர் தோளோடு தோள் சேர்ந்து ஒரு நீண்ட மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு சேற்று வயலில் நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேறு முடிந்து தார் ரோடு வருகிறது. வரிசை ரோட்டுக்குச் சாய்வாக வருகிறபடியால் ஒரு ஓரத்தில் இருப்பவன் முதலில் ரோட்டில் ஏறிவிடுகிறான். அவன் வேகமாய் நடக்கிறான். மறு ஓரத்தில் இருப்பவன் இன்னும் சேற்றில் காலை இழுத்துக்கொண்டிருக்கிறான். மூங்கில் என்ன ஆகும்? திரும்பும். வரிசை முழுவதும் வேறு திசையில் நடக்கத் தொடங்கும். ஒளிக்குத் தண்ணீர் சேறு மாதிரி, காற்று ரோடு மாதிரி. காற்றில் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற ஒளி தண்ணீருக்குள் சுமார் 2¼ லட்சம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதாவது முக்கால் வேகம். தண்ணீரில் ஒளி காற்றைவிட மெதுவாய்ப் போகிறது என்பதை 1850-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் ஃபூக்கோ என்பவர் சுழலும் கண்ணாடியை வைத்துப் பரீட்சித்துக் காட்டினார்.

ஆகவே தண்ணீருக்குள்ளிருந்து சாய்வாக வருகிற ஒளி, வெளியே வந்ததும் இன்னும் அதிகமாய்ச் சாய்ந்துவிடுகிறது. இது நம் கண்ணுக்குத் தெரியாது. ஒளி நேராகத்தான் வந்தது என்று எண்ணி, வந்த திசையிலேயே நேர்க்கோடு இழுத்து, பொருள் அங்கே இருப்பதாகக் கண் தீர்மானித்துவிடுகிறது. அதனால் அடி மேலே தூக்கித் தெரிகிறது. மீனை ஈட்டியால் குத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தெரிகிற இடத்தில் குத்தினால் மீன் கிடைக்காது, அதற்குக் கீழே குத்து என்பார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்குத் தெரிந்த உண்மை, முழு மார்க்கு வாங்கிய எனக்குத் தெரியவில்லை. காரணமென்னவென்றால் அவர் ஒவ்வொரு தடவையும் ஈட்டியால் கேட்டு மீனால் பதில் பெறுகிறவர். நான் ஒரு தடவையும் கேட்டவனல்ல.

இந்தக் கிண்ணமும் காசும் நான் கண்டுபிடித்த வித்தையல்ல. சற்றேறக்குறைய 1,850 வருஷங்களுக்கு முன் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா பட்டணத்தில் இருந்த தாலமி என்ற அறிஞர் இதைத் தமது நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவர் அதோடு நிற்காமல், ஒளி எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு மடங்குகிறது என்று ஒரு பட்டியலும் போட்டார். காற்றில் 50 டிகிரி சாய்ந்தால் தண்ணீரில் 35 என்று போட்டார், அது சரி. 80 டிகிரிக்கு 50 என்று போட்டார், அது தப்பு. உண்மையில் சுமார் 47½ தான். ஏன் தப்பு வந்தது? அவருடைய பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொரு படியிலும் ஏற்றம் சரியாக அரை அரை டிகிரியாய்க் குறைந்துகொண்டே போகிறது. அதாவது கணக்கு அழகாய் அமைய வேண்டுமென்பதற்காக அளவை வளைத்துக்கொண்டாரென்றே தோன்றுகிறது. எவ்வளவு பெரியவராயிருந்தாலும், தாம் எதிர்பார்த்ததற்குத் தக்கபடி உண்மையை வளைத்தால் அது உண்மையாகாது என்பதற்கு இது ஒரு சாட்சியாகும்.

சரியான விதியை 984-ஆம் வருஷத்தில் பாக்தாத் நகரத்தில் இபின் சாஹ்ல் என்பவர் எழுதினார். பின்பு ஐரோப்பாவில் 1602-இல் ஹாரியட் என்ற இங்கிலாந்துக்காரரும், 1621-இல் ஸ்நெல் என்ற டச்சுக்காரரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இருவரும் அச்சிட்டு வெளியிடவில்லை. 1637-இல் டேக்கார்ட் என்பவர் அச்சிட்ட பிறகுதான் உலகத்திற்குப் பொதுவாயிற்று. எகிப்து தேசத்தார், பாக்தாத் நகரத்தார், ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் ஆகிய எல்லோருக்கும் தண்ணீர் ஒரே பதிலைத்தான் சொல்லிற்று. கேட்பவன் எந்த ஜாதி, எந்த மதம் என்று தண்ணீர் விசாரிக்கவில்லை.

இனி, இதைக்கொண்டு ஆழத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதைச் சொல்லுகிறேன். முதலாவது, கிணற்று மேட்டிலிருந்து நேர் கீழே பார்க்கும் விதம். நேராக வருகிற ஒளி மடங்காதே என்று சிலர் கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் நமக்குக் கண் இரண்டு. இரண்டுக்கும் வருகிற ஒளி சற்றுச் சாய்ந்தே வருகிறது. அந்தச் சொற்பச் சாய்வே போதும். நேர் கீழே பார்க்கும்போது தண்ணீர் உள்ள ஆழத்தில் முக்கால் பங்காகத் தெரியும். 16 அடித் தண்ணீர் 12 அடியாய்த் தெரியும். ஆகையால் கண் சொன்னதை மூன்றால் வகுத்து நாலால் பெருக்கினால் உண்மை வந்துவிடும்.

இரண்டாவது, கரையில் நின்று சாய்வாகப் பார்க்கும் விதம். நாம் சாதாரணமாய்ப் பார்ப்பது இப்படித்தான், ஆபத்தும் இதில்தான். இதற்கு ஒரு சுலபமான பரீட்சை சொல்லுகிறேன். பம்பு செட்டுத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள் அகலம் ஏழடி, சுவர் செங்குத்து, தண்ணீர் விளிம்பு வரை தெளிந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்து உட்சுவரை ஒட்டி, தண்ணீர் மட்டத்திலிருந்து மூன்றடி உயரத்திற்கு ஒரு குச்சியை நிறுத்துங்கள். அதே சுவரிலிருந்து நாலடி தள்ளி, தண்ணீரை ஒட்டினாற்போல் ஒரு நூலைக் குறுக்கே கட்டுங்கள். குச்சியின் முனையில் கண்ணை வைத்து நூலைப் பாருங்கள். எதிர்ச் சுவர் தரையைத் தொடுகிற மூலை சரியாக அந்த நூலுக்கு நேரே தெரிந்தால், தொட்டியின் ஆழம் நாலடி என்று தைரியமாய்ச் சொல்லிவிடலாம். பிறகு கோலை விட்டு அளந்து பாருங்கள்.

இது எப்படி என்றால், காற்றில் மூன்றடி இறங்குவதற்குள் நாலடி குறுக்கே போகிற பார்வை, தண்ணீருக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து, நாலடி இறங்குவதற்குள் மூன்றடிதான் குறுக்கே போகிறது. மூன்றும் நாலும் இடம் மாறிக்கொள்ளுகின்றன, அவ்வளவுதான். நூலுக்கு அப்பால் எதிர்ச் சுவர் மூன்றடி தூரத்தில் இருக்கிறது, ஆகவே ஆழம் நாலடி. வேறு அகலமுள்ள தொட்டியானால், நூலுக்கு நேரே அடியில் ஒரு வெள்ளைக் கல் தெரியும்படி கல்லைப் போடுங்கள். நூலுக்கு அப்பால் எத்தனையடி தள்ளி அந்தக் கல்லை நேர் கீழாக விட்டீர்களோ, அதை மூன்றால் வகுத்து நாலால் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். மூன்றடிக் குச்சி, நாலடியில் நூல் என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இதையே ஒளிவிலகல் தெரியாத கண் எப்படிக் கணக்கிடும்? பார்வை நேர்க்கோடாகவே தண்ணீருக்குள்ளும் போவதாய் எண்ணும். நாலடிக்கு மூன்றடி இறக்கமானால் மூன்றடிக்கு எவ்வளவு? இரண்டே கால் அடி. ஆகவே நாலடித் தண்ணீர் கண்ணுக்கு இரண்டே கால் அடியாகத் தெரிகிறது. முக்கால்கூட இல்லை, ஏறக்குறையப் பாதிதான். தாய்மார்களே! மூன்றேமுக்கால் அடி உயரமுள்ள குழந்தை தொட்டி விளிம்பில் நின்று பார்த்தால், இடுப்புக்குச் சற்று மேல்தான் தண்ணீர் என்று நினைக்கும். உண்மையில் அது தலையை மூடுகிற தண்ணீர்.

இந்தக் கணக்கைப் பிற்காலத்தில் தெரிந்துகொண்ட அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்தக் குட்டைக் கரையில் நான் நின்ற பாறையையும், அவன் குதித்த இடத்தையும் மனதில் கொண்டுவந்து பார்த்தேன். என் கண் தண்ணீருக்கு மேல் ஆறடி உயரத்தில் இருந்தது. நான் பார்த்த இடம் சுமார் எட்டடி தள்ளி. ஆறுக்கு எட்டு என்பது மூன்றுக்கு நாலேதான். கயிறு காட்டிய ஆழம் ஆறடி. அதை ஒன்பதால் பெருக்கிப் பதினாறால் வகுத்தேன். மூன்றடி நாலரை அங்குலம் வந்தது. பதினோரு வயதுப் பையனுக்கு மார்பளவு! என் கண் அன்று தன்னிஷ்டப்படி பொய் சொல்லவில்லை. விதிப்படி எவ்வளவு குறைத்துக் காட்ட வேண்டுமோ அவ்வளவே குறைத்துக் காட்டிற்று. அந்த விதியை ஒரு பேப்பரில் எழுதி மார்க்கு வாங்கிய நான்தான் அதைக் கண்ணுக்குச் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சமதரையான தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ இறங்கி நின்று பார்த்தால், நாம் நிற்கிற இடம்தான் ஆழமாகவும், எட்டப் போகப்போகத் தரை மேலேறி ஆழம் குறைவதாகவும் தோன்றும். அங்கே நடந்து போனால் அதே ஆழம்தான் இருக்கும். பார்வை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்கு ஏமாற்றம் அதிகம். “அதோ அங்கே ஆழமில்லை” என்று எட்டத்தைக் காட்டிச் சொல்லுகிறவன் பேச்சை நம்பி ஒருவரும் நடக்கவேண்டாம்.

இது குட்டைக்கும் தொட்டிக்கும் மாத்திரம் உதவுகிற கணக்கல்ல. 2018-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் நாசா ஒரு துணைக்கோளை வானத்தில் ஏற்றிற்று. அது சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பச்சை லேசர் ஒளியைக் கீழே விட்டு, அது திரும்பிவரும் நேரத்தை அளக்கிறது. பனிப்பாறைகளை அளப்பதற்காக விட்டார்கள். ஆனால் அந்த ஒளி தெளிந்த கடலிலும் ஏறக்குறைய 40 மீட்டர் வரை இறங்கி அடியைத் தொட்டுத் திரும்புகிறது என்று கண்டார்கள். அங்கேயும் நம்முடைய மூன்றும் நாலும்தான் வருகின்றன. தண்ணீரில் ஒளி மெதுவாய்ப் போகிறபடியால் தாமதமாகத் திரும்பும். அதைக் கவனிக்காமல் காற்று வேகத்தில் கணக்குப் போட்டால் மூன்று மீட்டர் ஆழம் நாலு மீட்டராகிவிடும். கண் குறைத்துக் காட்டுகிறது, கடிகாரம் கூட்டிக் காட்டுகிறது. இரண்டையும் திருத்துவது ஒரே எண்தான். கிண்ணத்துக் காசைக் காட்டிய விதியே கடலின் அடியையும் காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு தெளிந்து அசையாமல் நிற்கிற தண்ணீருக்குத்தான். கலங்கலிலும், அலையிலும், பாசியிலும் செல்லாது. அடியில் தெரிகிறது தரையா, சேறா, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையா என்பதையும் சொல்லாது. ஆகவே கணக்குப் போட்டுவிட்டோம் என்று குதித்துவிடாதீர்கள். இறங்குவதற்கு முன் கோலோ, கல் கட்டிய கயிறோ விட்டுப் பாருங்கள். கணக்கு கண்ணைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்கும். கயிறு கணக்கையும் சரிபார்க்கும். சோதனைக்கு உட்படாதது ஒன்றுமே இருக்கக்கூடாது. நான் இன்று சொன்னதும்கூட அப்படித்தான். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். நாளைக் காலையில் ஒரு கிண்ணத்தையும் காசையும் எடுத்து நீங்களே பாருங்கள், உங்கள் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊருக்குப் பக்கத்திலும் கைவிட்ட கல்குழிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆட்டுக்கும் படையலுக்கும் செலவு செய்யும் பணத்தில் அங்கே ஒரு வேலி போடுங்கள். கயிற்றில் அளந்து, ஆழம் இத்தனையடி என்று பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். பஞ்சாயத்தைக் கேளுங்கள், செய்யும்வரை கேளுங்கள். பிள்ளைகளுக்கு, ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெண்பிள்ளைகளுக்கும் நீந்தக் கற்றுக்கொடுங்கள். ஒரு சிறுவன் கரையில் நின்று, “அண்ணா, எவ்வளவு ஆழம்?” என்று உங்களைக் கேட்டால், கண்ணால் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். “இரு, அளந்து சொல்லுகிறேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அன்று என் வாயில் வந்திருந்தால், என் தம்பி இன்று இந்தக் கூட்டத்தில் உங்களோடு உட்கார்ந்திருப்பான்.